34 கோழியும் ஒரு போத்தல் கண்மருந்தும்

போன கிழமை எங்கள் ஒழுங்கையில் ஆறாவது தடவையாகக் கோழிகளுக்கு ராணிக்கெற் நோய்த் தடுப்பு மருந்தைக் கண்ணில் விட்டு முடித்தோம். 13 வீடு, 171 கோழி, ஒரு மணி ஐம்பது நிமிடம். இந்தக் கணக்குக்கு வந்து சேரமுன் இரண்டு தடவை என் கூட்டில் பாதிக்கு மேல் வெறுமையானது. எங்கெங்கே பிழைத்தது என்று மறக்கமுன் எழுதி வைக்கிறேன்.

எங்கள் வளவு பரந்தன்–முல்லைத்தீவு வீதியில், தருமபுரத்துக்கும் விசுவமடுவுக்கும் நடுவில் உள்ளே இறங்குகிற ஒழுங்கையில் இருக்கிறது. முக்கால் ஏக்கர். 2022 இல் முட்டை விலையும் கோழித்தீன் விலையும் சேர்ந்து ஏறின நேரம், கடைத்தீனை நம்பாமல் தவிடு, குறுணல், புண்ணாக்கு, வளவுக் கறையான் என்று ஊர்க்கோழியைப் பெருக்கினேன். அடை கிடந்த ஒரு பேட்டையும் எழுப்பவில்லை. அந்த வருடம் டிசம்பர் 1ஆம் திகதி, வியாழக்கிழமை, சந்தையில் இரண்டு பேடு வாங்கினேன். சோடி 3,200 ரூபா. அவற்றோடு சேர்த்து 3 சேவல், 14 பேடு, 17 குஞ்சு, மொத்தம் 34.

வாங்கி வந்த இரண்டையும் அன்றிரவே மற்றவற்றோடு கூட்டுக்குள் விட்டேன். ஒன்றுக்கு மூக்கில் கொஞ்சம் நீர் இருந்தது. கால் கட்டிச் சந்தையில் கிடந்த களைப்பு என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை அது தூங்கத் தொடங்கியது. இறகைத் தொங்கவிட்டு, கண்ணை மூடி, மாமரத்துக்குக் கீழே ஒரு காலில் நின்றது. அடுத்தடுத்த நாட்களில்தான் மண்டூஸ் புயலின் மழையும் குளிரும் வந்தன. வடக்கிலும் கிழக்கிலும் மாடும் ஆடும் நூற்றுக்கணக்கில் செத்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். எங்கள் ஒழுங்கை முடிவிலும் இரண்டு கன்று விறைத்துக் கிடந்தது. அப்படியான நேரத்தில் கோழி தூங்கினால் வேறு என்ன நினைக்கத் தோன்றும்?

"மாடே நிண்ட நிலையிலை சாகுது, கோழி எம்மாத்திரம் பிள்ளை?" என்றா மாமி. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

குளிருக்கென்று கூட்டைச் சுற்றிச் சாக்குக் கட்டினேன். பழைய சட்டியில் சிரட்டைக் கரி போட்டு உள்ளே வைத்தேன். சின்ன வெங்காயம், மிளகு, மஞ்சள் அரைத்து உருண்டையாக்கித் தொண்டைக்குள் தள்ளினேன். அந்த உருண்டையால் கெடுதல் ஒன்றும் வந்திராது. சாக்குத்தான் கெடுத்தது. இது மூச்சாலும் எச்சத்தாலும் பரவுகிற நோய். நான் காற்று வழியை அடைத்து 34 கோழியையும் ஒரே மூச்சுக்குள் வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை மூன்று செத்துக் கிடந்தன. எச்சம் பச்சையாகப் பாசி மாதிரி. இரண்டு கோழி வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கின. கூட்டுக்குள் இரண்டு தோல்முட்டை. பிறகு ஒரு பேட்டுக்குக் கழுத்து திருகித் தலை முதுகுப் பக்கம் போனது. குளிருக்குக் கழுத்து திருகாது என்று அப்போதாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

அடுத்த பிழை இன்னும் பெரியது. நான்காவது கோழி சாயத் தொடங்கியபோது இவர் அதை அறுத்துவிட்டார். வீணாகப் போகிறதே என்ற மனம். இறகையும் குடலையும் வாழையடிக் குப்பையில் போட்டோம். மிச்சக் கோழிகள் நாள் முழுக்கக் கிளறுவதும் அந்தக் குப்பையைத்தான். நாய் ஒரு பங்கை இழுத்துக்கொண்டு பக்கத்து வளவுக்குப் போனது. அந்த வளவு அக்காவின் 9 கோழியும் நத்தாருக்கு முன் முடிந்தன. அவ என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

கடையில் மஞ்சள் நிறத் தூள் மருந்து ஒன்று வாங்கித் தண்ணீரில் கலந்து ஐந்து நாள் கொடுத்தேன், 480 ரூபா. பைக்கற்றில் கோழிப் படம் இருந்தது, அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. அது பற்றீரியாவுக்கான மருந்து. வந்திருந்ததோ ராணிக்கெற் என்கிற வைரசு நோய். வந்த பிறகு அதற்கு மருந்து கிடையாது. அந்தத் தூள் கொடுத்த நாட்களின் முட்டையைத் தின்னக்கூடாது என்பதும் பிறகுதான் தெரியவந்தது.

20ஆம் திகதி எண்ணினேன். 28 போய் 6 மிஞ்சியது. செத்ததில் பெரியது 15. அவற்றை மட்டும் 1,600 ரூபா வீதம் பார்த்தாலும் 24,000.

புதைத்த கதையைச் சொல்லியே ஆகவேண்டும். மாரியில் எங்கள் பக்கம் மண்வெட்டி போட்டால் இரண்டரை அடியில் தண்ணீர் ஊறும். மூன்றடி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும் என்று தெரிந்துதான் வெட்டினோம். குழி கிணறானது. வேறு வழியில்லாமல் ஆழமில்லாமல் மூடினோம். இரண்டாம் இரவே நாய் கிளறி ஒன்றை எடுத்தது. மழை விட்ட ஒரு நாள் பொச்சு, சிரட்டை, பழங்கிடுகு எல்லாம் குவித்து எரித்தோம். நனைந்த பொச்சு புகைந்ததே தவிர எரியவில்லை. அரை நாள் போனது. இப்போது ஒவ்வொரு ஆவணியிலும், மண் காய்ந்திருக்கும்போதே, கிணற்றிலிருந்து 80 அடி தள்ளி வளவின் மேட்டுப் பக்கத்தில் நாலடிக் குழி ஒன்று வெட்டித் தகரம் போட்டு மூடி, மேலே கல் வைத்துவிடுகிறேன். பக்கத்தில் ஒரு வாளியில் 5 கிலோ சுண்ணாம்பு. தேவைப்படாவிட்டால் தை பிறந்ததும் வாழைக்கன்று வைக்கலாம்.

மிஞ்சிய ஆறில் கழுத்து திருகிய பேடும் ஒன்று. மகள் அதற்குக் கோணக்கழுத்தி என்று பெயர் வைத்துவிட்டாள். தப்பிய கோழியும் கொஞ்சக் காலம் வைரசைக் கழிக்கும், ஆகவே புதிய குஞ்சுகளோடு உடனே விடக்கூடாது. அதைக் கொன்றிருக்க வேண்டும் என்று சொன்னவர்களும் உண்டு. எனக்கு மனம் வரவில்லை. தட்டில் தண்ணீர் குறைந்தால் அதன் சொண்டு எட்டாது, விளிம்புவரை நிரப்ப வேண்டும். அதற்கென்றே ஒரு பேணி இருக்கிறது. இப்போதும் முட்டையிடுகிறது.

இரண்டாம் தடவை எனக்கு அறிவு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு செய்தது. அதனால் வந்த வயிற்றெரிச்சலும் கூட. கூட்டைச் சுத்தம் செய்தேன் என்று சொல்லிக்கொண்டேனே தவிர, காய்ந்த எச்சத்துக்கு மேல் சுண்ணாம்பைத் தூவியதுதான் நடந்தது. எச்சத்தைச் சுரண்டி எடுத்து, சவர்க்காரத் தூளால் தேய்த்துக் கழுவிக் காயவிட்ட பிறகுதான் கிருமிகொல்லி வேலை செய்யும். அழுக்குக்கு மேல் ஊற்றினால் அழுக்கோடே முடிந்துவிடும். இரண்டு கிழமையில் மறுபடி கோழியை உள்ளே விட்டேன். அதிர்ஷ்டத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை.

2023 ஆடியில் 22 கோழி. தடுப்பு மருந்து இருக்கிறது என்று கேள்விப்பட்டு மிருக வைத்தியர் அலுவலகத்துக்குப் போனேன். கையில் வந்தது சுண்டுவிரல் அளவு கண்ணாடிப் போத்தல், அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் உறைந்த தூள். 1,000 கோழிக்கு என்று எழுதியிருந்தது. ஐஸ் கொண்டுவந்தீங்களா என்று கேட்டார்கள். கிட்டத்தான் வீடு என்று சொல்லிவிட்டேன். கிட்ட இல்லை. சொப்பிங் பையில் போட்டு மோட்டார் சைக்கிள் கைபிடியில் தொங்கவிட்டு, வங்கியில் ஒரு மணித்தியாலம் நின்று, கடைக்கும் போய், சோளகக் காற்றும் வெயிலும் பட வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எங்களிடம் பிரிட்ஜ் இல்லை. மண்பானைக்குப் பக்கத்தில் வைத்து அடுத்த நாள் காலை இரண்டு தட்டுத் தண்ணீரில் கலந்து வைத்தேன். அந்தக் கிழமைதான் கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தது. சேவல்கள் முதலில் வந்து குடித்தன. மாமரத்தில் படுத்த பேடுகள் இறங்கி வரும்போது தட்டில் வெயில்.

புரட்டாதியில் நோய் வந்தது. 22 இல் 13 போனது. "மருந்து குடுத்தும் செத்ததுதானே" என்று ஒழுங்கை முழுக்கச் சொன்னார்கள். எனக்கும் அதே கோபம். நேரே போய் டொக்டரிடமே கேட்டேன். அவர் மூன்று கேள்வி திருப்பிக் கேட்டார்.

"எதிலை கொண்டு போனீங்கள் அம்மா? எந்தத் தண்ணியிலை கலந்தீங்கள்? கலந்து எவ்வளவு நேரத்துக்குள்ளை குடிச்சது?"

மூன்றுக்கும் பதில் சொல்லச் சொல்ல என் குரல் இறங்கியது. அது உயிருள்ள மருந்து. 2 முதல் 8 பாகைக் குளிரில் இருக்க வேண்டும். பிளீச்சிங் தண்ணீர் அதைக் கொன்றுவிடும். கலந்தால் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். நான் கொடுத்தது வெறும் தண்ணீர். இன்னொன்றும் சொன்னார்: கோழிகள் கூட்டமாகச் செத்தால் அறுக்காமல், கையால் அளையாமல் அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும், பறவைக் காய்ச்சலும் பார்வைக்கு இப்படித்தான் இருக்கும் என்று. முதல் தடவை குடல் எடுத்த கை ஞாபகத்துக்கு வந்தது.

மூன்றாம் தடவை கூட்டிலிருந்து தொடங்கினேன். பழைய கூட்டின் கிடுகை எரித்தேன். மரங்களைச் சுரண்டிக் கழுவி, 10 லீட்டர் வாளிக்கு 300 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்து அடித்து, ஒரு மாதம் வெயிலில் விட்டேன். மிஞ்சிய கோழிகள் அதுவரை வளவின் மற்றக் கரையில், சாக்குப் பந்தலுக்குக் கீழே. புதுக் கூடு எட்டுக்கு நாலு அடி, நிலத்திலிருந்து இரண்டரை அடி உயரம், தளம் பனஞ்சலாகை. சலாகைக்கும் சலாகைக்கும் முக்கால் அங்குல இடைவெளி. முதலில் ஒரு அங்குலம் விட்டு அடித்தோம். குஞ்சின் கால் போய் மாட்டியது, எல்லாம் கழற்றி மறுபடி அடித்தோம். எச்சம் கீழே விழும், காலையில் கூட்டி அள்ளலாம், கோழி அதில் நிற்காது. சலாகை 18 துண்டு 6,300, கோழிவலை 20 அடி 3,800, ஆணியும் கம்பியும் 900, தச்சருக்கு ஒரு நாள் கூலி 3,500. கூரைத் தகரம் பழைய குசினியினுடையது. மொத்தம் 14,500 ரூபா. முதல் தடவை செத்ததன் விலையில் பாதியை விடச் சற்றுக் கூட. மாமி இந்தக் கணக்கை விரும்பவில்லை.

கிணற்றுக்கு அங்கால் ஒரு சின்னக் கூடு தனியாக. வெளியிலிருந்து வரும் எந்தக் கோழியும், சொந்தக்காரர் தந்ததென்றாலும், 21 நாள் அதற்குள். அதற்குத் தீன் போடுவது கடைசியாக, வேறு செருப்போடு. அந்தச் செருப்பு படலையடியில் ஒரு கதியாலில் கொழுவியிருக்கும்.

கூட்டுக்குள் கோழியைப் படுக்கப் பழக்குவதுதான் நான் எதிர்பாராத வேலை. எங்கள் கோழிகள் மாமரத்திலும் முருங்கையிலும் படுத்துப் பழகியவை. மரத்தில் இருக்கிற கோழிக்கு யார் கண்ணில் மருந்து விடுவது? பின்னேரத் தீனை முற்றத்தில் நிறுத்தி, ஐந்தரைக்குக் கூட்டுக்குள் மட்டும் போட்டேன். ஒன்பது நாளில் இரண்டைத் தவிர மற்றதெல்லாம் உள்ளே. அந்த இரண்டையும் இவர் தடியால் இறக்கினார்.

அடுத்தது போத்தல் கணக்கு. 1,000 கோழிக்கான போத்தலை உடைத்தால் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும், என்னிடம் இருப்பது முப்பது கோழி. அதுவும் என் கோழிக்கு மட்டும் விட்டால் அரைவாசி வேலைதான். பக்கத்து வளவில் வந்தால் என் புதுக் குஞ்சுக்கும் வரும். ஒரு சனிக்கிழமை ஒழுங்கை முழுக்க வீடு வீடாகப் போய்க் கதைத்தேன். முதலில் போனது பக்கத்து வளவு அக்காவிடம். "உன்ரை நாயைக் கட்டி வை, மிச்சத்தைப் பாப்பம்" என்றா. அந்த ஒரு வசனத்தோடு பழைய கணக்கு தீர்ந்தது. 2010 இல் மீளக்குடியேறியபோது உதவியாகக் கிடைத்த குஞ்சுகள் கிழமைக்கணக்கில் செத்ததை ஒவ்வொரு வீட்டிலும் சொன்னார்கள். ஒரு வீடு மட்டும் வேண்டாம் என்றது. 11 வீடு சம்மதித்தது.

2024 மாசி. வாய் அகன்ற பிளாஸ்க் ஒன்று இரவல் வாங்கி, மீன்காரரிடம் ஐஸ் வாங்கி நிரப்பி, போத்தலைக் கடதாசியில் சுற்றிப் பொலித்தீன் பையில் கட்டி நடுவில் வைத்துக் கொண்டுவந்தேன். இந்த முறை வங்கிக்குப் போகவில்லை. வெயில் இறங்கிக் கோழி கூடு சேர்ந்த பிறகு, மாலை 6.50க்குக் கரைத்தோம். அதோடு வந்த கரைசல் 30 மில்லிலீட்டர். துளிமூடியால் ஒரு கண்ணில் ஒரு துளி. ஒருவர் கோழியைப் பக்கவாட்டாகச் சாய்த்துப் பிடிக்க, ஒருவர் ரோச் அடிக்க, நான் விட்டேன். துளி விழுந்தவுடன் கோழியை விடக்கூடாது. கண் இமைத்து மருந்து உள்ளே போகும்வரை பிடித்திருக்க வேண்டும். முதல் வீட்டில் அவசரத்தில் நாலைந்து துளி கன்னத்தில் வழிந்தது, அவற்றுக்கு மறுபடி விட்டேன். போத்தலைக் கையில் பொத்திப் பிடித்தால் சூடாகும், ஒவ்வொரு வீட்டுக்கு நடுவிலும் பிளாஸ்குக்குள் போனது. 143 கோழி, 8.35க்கு முடிந்தது.

வீடு வீடாகப் போகிற நாங்களே நோய் காவுகிறவர்களாகவும் ஆகலாம். அதனால் ஒழுங்கையில் ஒரு கோழியாவது தூங்கினால் அன்றைக்குப் போவதில்லை என்பது முதல் ஒப்பந்தம். மண் ஒட்டாமல் செருப்பைத் தேய்த்து, பிளீச்சிங் வாளிக்குள் நனைத்துத்தான் ஒவ்வொரு படலையும் தாண்டினோம்.

மிஞ்சிய மருந்தைப் பார்த்து மாமிக்குப் பொறுக்கவில்லை. போத்தலில் முக்கால்வாசிக்கு மேல் அப்படியே இருந்தது. "ஐஸிலை வைச்சா அடுத்த மாதத்துக்கு ஆகாதே?" ஆகாது. பிளீச்சிங் தண்ணீரில் ஊற்றினேன். போத்தல், ஐஸ், பெற்றோல் எல்லாம் 1,430 ரூபா, வீட்டுக்கு 130. வீண்போனதை நினைக்காமல் வீட்டுக் கணக்கை மட்டும் நினைத்தால் நித்திரை வரும். மறுநாள் எனக்கு ஒரு கண் சிவந்து நீர் வடிந்தது, மூன்று நாள். மருந்துத் துளி தெறித்திருக்க வேண்டும், ஆட்களுக்கு அது அந்த அளவுக்கு வரும் என்றார்கள். இப்போது இவரின் வெல்டிங் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் விடுகிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

நாலாம் நாள் சில கோழி தும்மின. ஒழுங்கையில் இரண்டு பேர் சண்டைக்கே வந்துவிட்டார்கள். அது மருந்து பிடித்ததற்கான தும்மல். இரண்டு நாளில் நின்றது. பங்குனியில் இரண்டாவது துளி, அதன் பிறகு நாலு மாதத்துக்கு ஒரு தடவை. திகதி எங்கள் வீட்டுக் கலண்டரில் சிவப்புப் பேனையால் இருக்கிறது.

2024 புரட்டாதியில் பக்கத்து ஒழுங்கையில் கோழி தூங்குகிறது என்று கேள்விப்பட்டேன். படலையைச் சாத்தி, 31 கோழியையும் இரண்டு கிழமை கூட்டுக்குள்ளேயே வைத்துத் தீன் போட்டேன். மூன்று செத்தன. மூன்றும் பொரித்து ஐந்து நாளேயான, துளி படாத குஞ்சுகள். ஏழாம் நாளிலிருந்து குஞ்சுக்கு விடலாம் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள், ஆனால் ஒழுங்கை நாள் வரும்வரை ஒரு போத்தலை யாரும் உடைப்பதில்லை. இந்த ஓட்டைக்கு இப்போது ஒரு வழி: மருந்து நாளைக் கணக்குப் பார்த்து, அதற்குப் பத்து நாள் முன் குஞ்சு பொரிக்கிற மாதிரி அடை வைப்பது. அடைக்கு 21 நாள், ஆக மருந்து நாளுக்கு 31 நாள் முன். பேடு என் கலண்டரைப் பார்ப்பதில்லை என்பது வேறு கதை. மருந்து வேண்டாம் என்ற வீட்டில் 15 இல் 12 போனது. அடுத்த தடவை அவர்கள்தான் ரோச் பிடித்தார்கள்.

அந்த மாரியில் கோழி அம்மையும் வந்தது. தலைப் பூவிலும் கண்ணோரத்திலும் கறுப்புப் பொருக்கு. அதற்கு இந்தத் துளி உதவாது; அதன் தடுப்பு மருந்தை இறகுச் சவ்வில் குத்த வேண்டும். நுளம்பால் பரவுகிறது. வேப்பிலைப் புகை போட்டு, பொருக்கில் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் பூசினேன். நாலுக்கு வந்தது, நாலும் தப்பின. கண் மூடிப்போன ஒன்றுக்கு மட்டும் பத்து நாள் கையால் தீன் ஊட்டினேன்.

இன்னும் சரிவராதது மயில். விடிய ஏழெட்டு வந்து முற்றத்தில் கோழியோடு சேர்ந்து குறுணல் பொறுக்கும், சில நாள் காட்டுக்கோழியும். இந்த நோய் அவற்றுக்கும் வரும், அவை படலையால் வருவதில்லை. தீன் தட்டைத் தாழ்வாரத்துக்குள் மாற்றினேன், தாழ்வாரத்துக்குள்ளும் வந்தன. கூட்டுக் கூரையில் ஏறி நின்று எச்சமிட்டன. போன மாதம் 12 அடி நைலோன் வலை வாங்கித் தீன் இடத்தைச் சுற்றிக் கட்டி, கோழி மட்டும் நுழைகிற அளவுக்கு ஒரு அடி உயரத்தில் வாசல் விட்டேன். பெரிய மயில் குனிய விரும்பாமல் வெளியே நிற்கிறது. குஞ்சு மயில் இரண்டு நேற்று உள்ளே நின்றன.